வெள்ளிக்கிழமை வந்த தந்தி

எங்கள் ஊர்த் தபாலாபீஸ் ஒரு வீட்டுக்குள் இருந்தது. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை எதிரில் நிற்கிற அடிவாரத்து ஊர். சொந்த வீடும் நிலமும் உள்ளவருக்குத்தான் கிளை போஸ்ட் மாஸ்டர் வேலை கொடுப்பார்கள். ஆபீசுக்கு இடத்தையும் அவரேதான் தர வேண்டும். அதனால் கிணற்றுப் பாசனமும் கரும்பும் வைத்திருந்த ஒருவர் வீட்டு முன்கட்டில் ஒரு மேசை, ஒரு இரும்புப் பெட்டி, ஒரு முத்திரைக் கட்டை, ஒரு போன். அவ்வளவுதான் எங்கள் ஊருக்கு வந்த சர்க்கார். ஊர்த்தெருக்காரர்கள் கேட்டைத் திறந்துகொண்டு மேசைவரை போவார்கள். ஏரி வாய்க்காலுக்குத் தெற்கே இருந்த எங்கள் கூலிக்காரத் தெரு ஆட்கள் கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு சட்டம் எங்கேயும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஒட்டியிருந்தாலாவது கிழித்துப் போட்டிருக்கலாம்.

தபாலாபீஸ் வீட்டுக்குள் இருந்தால் வீட்டுச் சட்டம்தான் தபால் சட்டம். செவ்வாயும் வெள்ளியும் மணியார்டர் பட்டுவாடா கிடையாது. அந்த நாட்களில் வீட்டிலிருந்து பணம் வெளியே போகக் கூடாதாம். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டால் ஒரு கார்டுகூடக் கை மாறாது. "வூட்டு லட்சுமி வெளிய போயிடுவா. காலையில வாடி" என்பார் போஸ்ட் மாஸ்டரின் மனைவி. பெங்களூரில் என் தம்பி கட்டட வேலையில் சாரத்தில் ஏறிச் சம்பாதித்து அனுப்பியது எப்போது அந்த வீட்டு லட்சுமி ஆனது என்று எத்தனையோ தடவை கேட்க வாயெடுத்திருக்கிறேன். கேட்டால் அடுத்த மணியார்டர் இன்னும் நாலு நாள் தூங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வருவேன்.

போன் அதைவிடப் பெரிய கூத்து. மரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைப் போஸ்ட் மாஸ்டர் அரைஞாணில் கோத்திருந்தார். அவர் கழனிக்குப் போனால் போனும் கழனிக்குப் போன மாதிரிதான். மலையில் மழை இறங்கினால் லைன் செத்துவிடும். எப்போது சரியாகும் என்று கேட்டால், "கம்ப்ளெய்ண்ட் குடுக்கணும். போன்லதான் குடுக்கணும்" என்பார், சிரிக்காமல். தந்தி வந்தால் டவுனிலிருந்து அந்தப் போனில்தான் சொல்வார்கள். அவர் காதால் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். லைன் செத்திருந்தால் தந்தியை உறையில் போட்டு, சாதாரணக் கடிதங்களோடு பையில் அனுப்பிவிடுவார்கள். அதாவது தந்தி தபாலில் வரும். அப்புறம் எதற்கு அது தந்தி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதையெல்லாம் ஊரோடு சேர்ந்து நானும் சகித்துக்கொண்டுதான் இருந்தேன். என் அம்மாவின் கண் இந்தப் போனையும் இந்தப் பையையும் நம்பிக் கிடக்கிற நிலைமை வந்தபோதுதான் எனக்கு வெறி பிடித்தது.

அம்மாவுக்கு ஒரு கண் சின்ன வயதிலேயே அம்மையில் போய்விட்டது. மிச்சம் இருந்த ஒற்றைக் கண்ணோடு அவள் கரும்புக் காட்டில் ஆம்பளைக்குச் சரியாக நின்றவள். எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது ஒரு நாள் கரும்புச் சோகை உரிக்கையில் காய்ந்த தோகை ஒன்று கண்ணைக் கீறிவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று தழைச்சாறு பிழிந்தார்கள். சீழ் பிடித்து, ஆறியபோது கருவிழியில் பூ விழுந்திருந்தது. வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரியும். என் முகம் தெரியாது. பதினொரு வயதுக்குப் பிறகு நான் எப்படி வளர்ந்தேன், எனக்குக் கல்யாணத்தில் கட்டியது என்ன நிறப் புடவை, என் கைக்குழந்தை யார் ஜாடை, எதுவும் அவளுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கையால் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

பாண்டிச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் காட்டினோம். செத்தவர்கள் கண்ணை எடுத்து வைத்தால் பார்வை வரும் என்றார்கள். பெயரை எழுதிக்கொண்டார்கள். "கண்ணு கெடச்சா தந்தி குடுப்போம். பார்த்த ஒடனே கிளம்பி வந்துடணும். ரெண்டு நாளுக்கு மேல அது தாங்காது. நீங்க வரலன்னா அடுத்த பேருக்குப் போயிடும்" என்று நர்சம்மா தெளிவாகச் சொன்னார். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கேட்டுக்கு வெளியே நின்று போஸ்ட் மாஸ்டரிடம் சொன்னேன்.

"ஐயா, அம்மா பேருக்குத் தந்தி வரும். கண்ணு வக்கிறதுக்குங்க. எந்நேரம் வந்தாலும் ஆள் உட்டுடுங்க, நான் ஓடியாந்துடறேன்."

"சரி, சரி. வந்தா சொல்றேன், போ."

சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பினார். அதற்குப் பிறகு அம்மா வாய்க்கால் பக்கம் சைக்கிள் சத்தம் கேட்டாலே "பாருடி, யாரு வராங்க?" என்பாள்.

அது இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த காலம். இன்றைக்குக் கூட்டம், நாளைக்கு ஊர்வலம், மறுநாள் சாலை மறியல் என்று போய்க்கொண்டிருந்தது. தங்கள் சாதியில் படித்த பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்று ஊர்த்தெருச் சாதிக்காரர்கள் கேட்டார்கள். கேட்டதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. எங்களைப்போல் இல்லாவிட்டாலும் அவர்களில் முக்கால்வாசிப் பேர் மண்ணைக் கிளறித் தின்கிறவர்கள்தான். ஆனால் சாலையில் வெட்டிச் சாய்த்த புளியமரம் விழுகிறபோது பக்கத்தில் போன தந்திக் கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. கம்பிக்கு எந்த ஒதுக்கீடும் தெரியாது. அந்த வாரம் புதன்கிழமையே போன் ஊமை. பஸ் கிடையாது. தபால் பையும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் கொஞ்சம் வழி விட்டார்கள். பை சுமந்து வருகிறவர் வரப்பு வரப்பாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு பொழுது சாயும்போது ஊருக்குள் வந்தார். போஸ்ட் மாஸ்டர் ஊரில் இல்லை. ரிஷிவந்தியத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் மறியலில் மாட்டிக்கொண்டு அங்கேயே இருந்தார். அவர் இல்லாத நாட்களில் அவர் மனைவிதான் பையை அவிழ்ப்பார், முத்திரை குத்துவார், பிரிப்பார். இருக்கிற நாட்களிலும் பாதி வேலை அந்த அம்மாள்தான் செய்வார் என்பது வேறு விஷயம். பெயர் அவருக்கு, சம்பளம் அவருக்கு. ஆனால் என் அம்மாவுக்குக் கண் வரப்போகிறது என்ற ஒரு வார்த்தையை மட்டும் அவர் மனைவியிடம் சொல்லி வைக்கவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. வெள்ளிக்கிழமை இரவு நானும் அம்மாவும் கேழ்வரகுக் களி தின்றுவிட்டுப் படுத்தோம். நன்றாகத் தூங்கினோம். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

சனிக்கிழமை காலை சாப்பிட்டுக் கை கழுவிய நேரம். போஸ்ட் மாஸ்டரின் மனைவி வாய்க்காலைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் வந்தார். அதுவரை அந்த அம்மாள் எங்கள் தெருவில் கால் வைத்ததே கிடையாது. கூட ஊர்த்தெருப் பெண்கள் இரண்டு பேர். மூன்று பேர் கண்ணும் கலங்கியிருந்தது. நேராக வந்து என் அம்மாவின் கையைப் பிடித்தார். தொட்டார். "மனச திடமா வச்சிக்கோ. எல்லாம் அவன் எழுத்து. தந்தி வந்திருக்கு" என்றார்.

அம்மாவுக்கு என் தம்பி நினைவுதான் வந்தது. சாரத்தில் நிற்கிற பிள்ளை. "ஐயோ, எம் புள்ள!" என்று அலறி மண்ணில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டாள். தெருவே கூடிவிட்டது. யாரோ ஓடிப்போய் எங்கள் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தார்கள். நானும் அழுதேன். அழுதுகொண்டேதான் அந்த உறையை வாங்கினேன். வாங்கினால் அது ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது. யாரும் பிரிக்கவேயில்லை.

நான் பத்தாவது வரை போனவள். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டுவேன். கண் என்ற சொல்லுக்கு அந்த பாஷையில் மூன்றே எழுத்து. அதுதான் முதலில் இருந்தது. கண் கிடைத்திருக்கிறது, உடனே புறப்படவும்.

"அழாதம்மா! தம்பிக்கு ஒண்ணும் இல்ல. கண்ணும்மா. கண்ணு வந்திருக்கு!"

கூட்டம் சட்டென்று நிற்கவில்லை. ஒப்பாரியை ஆரம்பித்தவர்களுக்கு நிறுத்தக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மா மட்டும் உடனே எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னா நாளு போட்டிருக்குது?"

"வியாழக்கெழம."

"இன்னிக்கி?"

"சனி."

"கெளம்புடி" என்றாள்.

போஸ்ட் மாஸ்டர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நிஜமான சந்தோஷம் அது. அதையும் சொல்லத்தான் வேண்டும். "நல்ல சேதிதானா! நான் பயந்தே பூட்டேன். நேத்து சாயங்காலமே வந்துச்சி. வெளக்கு வச்ச நேரம். வெள்ளிக்கெழமையில சாவு சேதிய எப்படி என் கையால எடுத்துக் குடுக்கறது? ராவுக்கு ஒரு வேள நிம்மதியா துன்னுட்டுத் தூங்கட்டும், காலையிலயும் ஒரு வாய் துன்னட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு வச்சிருந்தேன்" என்றார். எனக்குக் காதில் விழுந்தது. அப்போது நிற்க நேரமில்லை. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் வழி விட்டிருந்தார்கள் என்று சொன்னேன் இல்லையா? சனிக்கிழமை காலையில் மறுபடி மறித்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சி வரைக்கும் ஒரு டிராக்டர். அங்கிருந்து தியாகதுருகம் வரை நடை. பிறகு ஒரு லாரி. எலவனாசூர்கோட்டைக்கு முன்னால் சாலைக்குக் குறுக்கே மரம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண் விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் எழுந்து, "பாத்து வாம்மா, கெள குத்தப் போவுது" என்று அம்மாவின் கையைப் பிடித்தார். அம்மா மரத்தைத் தடவித் தடவி ஏறி இறங்கினாள். "எம்மாம் பெரிய மரம்டி, யாரு வச்சதோ" என்றாள். அந்தப் பக்கம் இறங்கியதும் வேறு வண்டி தேடி நடந்தோம். அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு இடத்திலும் உட்கார ஒத்துக்கொள்ளவில்லை.

பாண்டிச்சேரி போய்ச் சேரும்போது பொழுது இறங்கிவிட்டது. நர்சம்மா எங்களைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "மத்தியானம் வரைக்கும் வச்சிருந்தோமே, இப்பதான வர்றீங்க? வேற ஆளுக்கு வச்சிட்டாங்களே!"

நான் அங்கேயே கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. வியாழக்கிழமையே தந்தி கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள். எழுதுகிற இடத்தில் இருந்தவர் பெயரை மறுபடி கடைசியில் சேர்த்துக்கொண்டு கேட்டார், "சேதி சீக்கிரமா போற மாதிரி வேற விலாசம் எதுனா இருக்காம்மா?"

யோசித்துப் பார்த்தேன். திருக்கோவிலூரில் ஒரு அத்தை இருக்கிறாள். அவளுக்குத் தந்தி போனால் அவள் எனக்குக் கடிதம் போடுவாள். அந்தக் கடிதமும் அதே கேட்டுக்குத்தான் வரும். அம்மாதான் பதில் சொன்னாள்.

"இதான் சாமி விலாசம். எழுதிக்க. இந்த வராண்டா. நான் இங்கயே குந்திக்கினு இருக்கேன். தந்தி என்னத் தேடிக்கினு அலைய வேணாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். தூணைப் பிடித்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கெஞ்சினேன், திட்டினேன். "உன் கொழந்த பாலுக்கு அழுவும், போடி" என்றாள். வார்டு கூட்டுகிற ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், "நான் பாத்துக்கறேங்க்கா" என்று பொறுப்பேற்றுக்கொண்டாள். கண் தெரியாத அம்மாவை முன்பின் தெரியாதவளிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். ஒரு தந்தி ஒரு ஊருக்கு ஒழுங்காக வராது என்பதற்காக ஒரு பொம்பளை வீட்டை விட்டுவிட்டுப் போய் ஆஸ்பத்திரி வராண்டாவில் குடியிருக்க வேண்டியிருந்தது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

முதலில் அந்தக் கேட்டிடம் போய்ச் சொன்னேன். அன்றைக்கு வெளியே நிற்கவில்லை. திறந்துகொண்டு மேசைவரை போனேன். போஸ்ட் மாஸ்டர் திரும்பி வந்திருந்தார்.

"சொன்னேன் இல்லீங்களா ஐயா? கண்ணுன்னு சொன்னேன் இல்ல?"

"அதுக்கு இன்னா பண்றது இப்போ? நான் ஊர்ல இல்ல. அவ இங்கிலீசு படிக்காதவ, அவளுக்கு இன்னா தெரியும்?"

"படிக்காதவங்க கையில ஏன் குடுத்துட்டுப் போனீங்க? போறப்ப அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். முகம் வாடியிருந்தது. "நான் கெட்டதுக்காடி செஞ்சேன்? உங்களுக்குத் துக்கம் ஒரு ராத்திரி தள்ளிப் போவட்டும்னு செஞ்சேன்" என்றார்.

"துக்கம்னு யாரும்மா சொன்னது? பிரிச்சிகூட பாக்கலியே நீங்க!"

"உங்க தெருவுக்கு வேற இன்னா தந்திடி வரும்?"

வேண்டுமென்று சொல்லவில்லை. கேலியும் இல்லை. மழை மேலேயிருந்துதான் வரும் என்பதுபோல் சொன்னார். எங்களைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எங்களுக்காக இரக்கப்பட்டவரை என்ன செய்வது? அந்தக் கருணையால்தான் ஒரு கண் போனது. வாய்க்காலைத் தாண்டி வரும்போது இன்னொன்றும் உறைத்தது. அந்த அம்மாள் மட்டுமா அப்படி நினைத்தார்? உறையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே என் அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். தெருவே அடுப்பை அணைத்தது. நானும்தான் அழுதேன். நல்லது எதுவும் எங்களைத் தேடி வராது என்று எங்களுக்கே அவ்வளவு உறுதியாகத் தெரிந்திருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

அம்மா வராண்டாவிலேயே இருந்தாள். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். வாசலில் உட்கார்ந்திருப்பவளைப் பிச்சைக்காரி என்று நினைத்து யாராவது மடியில் சில்லறை போட்டால் சத்தம் வந்த பக்கமாகத் திருப்பி எறிந்து, "எனக்குக் கண்ணு வேணும், காசு வேணாம்" என்று கத்துவாளாம். வார்டு கூட்டுகிற பெண் சொல்லிச் சிரித்தாள். அவள்தான் அம்மாவைக் குழாயடிக்குக் கூட்டிப்போவாள், தலை வாரிவிடுவாள். மழைக்காலம் வந்தது. வராண்டாவில் சாரல் அடித்தது. அம்மா தூணுக்கு அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டாள், அவ்வளவுதான்.

கண் வந்தது. எந்த ஊர்க்காரருடையதோ. அவர் குடும்பத்தை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். வராண்டாவில் இருந்தவளை உள்ளே கூட்டிப்போய் வைத்துவிட்டார்கள். எனக்கும் தந்தி கொடுத்திருக்கிறார்கள், துணைக்கு வரச்சொல்லி. அப்போது மறியல் இல்லை, மரமும் விழவில்லை. மலையில் வெறும் மழை. போன் செத்துக் கிடந்தது. தந்தி வழக்கம்போல் பையில் ஏறி, ஓடையில் வெள்ளம் வடியும்வரை எங்கோ காத்திருந்து, ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. போஸ்ட் மாஸ்டர் மனைவி இந்தத் தடவை ஒரு நிமிஷமும் வைத்திருக்கவில்லை. பை வந்த கையோடு வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஓடிவந்து கொடுத்தார். அவர்மேல் கோபப்பட வழியில்லை. யார்மேலும் வழியில்லை. கோபம் மட்டும் இருந்தது.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வார்டு வாசலில் நின்று பார்த்தேன். ஜன்னலோரக் கட்டிலில் அம்மா பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டு எடுத்து நாளாகியிருந்தது. என் கால் சத்தம் கேட்டு நேராகத் திரும்பிப் பார்த்தாள். தடவவில்லை, காதைச் சாய்க்கவில்லை. பார்த்தாள். பார்த்தே என்னைக் கண்டுபிடிக்கட்டும் என்று நான் குரல் கொடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே கிட்டே போனேன்.

வார்டு கூட்டுகிற பெண் விளக்குமாற்றோடு ஓடிவந்து என் காதருகில் அவசரமாகச் சொன்னாள். "கோச்சிக்காதீங்க்கா. கட்டுப் பிரிச்ச அன்னிக்கி எதுர நான்தான் நின்னுக்கினு இருந்தேன். 'எம் பொண்ணு, எம் பொண்ணு'ன்னு என் மூஞ்சியப் புடிச்சிக்கினு அப்பிடி அழுதாங்க. நான் இல்லன்னு சொல்ல எனக்கு மனசே வரலக்கா. அன்னியிலேர்ந்து அவங்க எதுர நான் வாயத் தொறக்கறதே இல்ல."

அம்மா என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். புதுக் கண், மரியாதையான பார்வை.

"யாருமா நீ? யாரத் தேடற?" என்று கேட்டாள்.